தோல் குஞ்சமும் கதர்க் கொடியும்

1947 ஆகஸ்ட் 15 ஒரு வெள்ளிக்கிழமை. தமிழ்க் கணக்கில் அது ஆடி மாதத்தின் கடைசி வெள்ளி. பிறைக் கணக்கில் ரமலானின் கடைசி வெள்ளி. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு போன்ற ஊர்களில் இந்த இரண்டு கணக்கும் அடுத்தடுத்த தெருக்களில் நடப்பவை. ஒரு தெருவில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அடுத்த தெருவில் மாலை நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருப்பார்கள். அந்த நாளில்தான் நாடு விடுதலை அடைந்தது.

என் அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆம்பூரில் பள்ளிக்கூடத்து வாசலில் கொடியேற்றி முடிந்ததும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அப்பாவோடு நின்ற அவருடைய கூட்டாளி நோன்பு வைத்திருந்தான். கொடுத்த மிட்டாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாலை மக்ரிப் பாங்கு சொல்லும்வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தானாம். வெயிலில் மிட்டாய் உருகிப் பை முழுவதும் ஒட்டிக்கொண்டது. சுதந்திரம் வந்த நாளைப் பற்றி அப்பா எப்போது பேசினாலும் நேருவின் பேச்சிலிருந்து தொடங்கமாட்டார். அந்தச் சட்டைப் பையிலிருந்துதான் தொடங்குவார்.

இப்போது ஆகஸ்ட் 15 அன்று ஆம்பூர்ப் பேருந்து நிலையத்தில் ஏலகிரிக்குப் போகும் கூட்டம் காலை ஏழு மணிக்கே சேர்ந்துவிடுகிறது. கொடியேற்றம் எட்டு மணிக்குள் முடிகிறது. அந்த நாள் ஓர் ஓய்வு நாளாகிவிட்டதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு நாளும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவர்களுக்கு ஒரு நாள் மலைக்காற்று வேண்டும். ஆனால் அந்த நாளுக்காக ஊர் தன் கையால் செய்தவை எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும்போது, குறைந்தது எது என்று தெரிகிறது.

நான் நகராட்சிப் பள்ளியில் படித்தது 1970-களின் தொடக்கத்தில். பதினான்காம் தேதி மதியத்துக்கு மேல் பாடம் கிடையாது. மூன்று வண்ணக் காகிதம் வாங்கி வந்து, மைதா பசை காய்ச்சி, சணல் கயிற்றில் நூற்றுக்கணக்கில் ஒட்டுவோம். கொடிமரம் என்பது ஒரு மூங்கில்தான். அதற்குப் பூசவும், மைதானத்தைச் சுற்றிய கற்களுக்கு வெள்ளையடிக்கவும் பக்கத்து டேனரியில் ஒரு வாளி சுண்ணாம்பு கேட்டு வாங்கி வருவோம். தோலிலிருந்து மயிரை நீக்குவதற்காக அங்கே குழி குழியாக ஊறிக்கொண்டிருக்கும் அதே சுண்ணாம்பு. கொடி, தலைமையாசிரியரின் பீரோவில் இருக்கும். கதர்க் கொடி. சாமந்தி இதழ்களை உள்ளே வைத்து மடித்து, ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சுப் போடுவது டிரில் மாஸ்டரின் வேலை. முதல் நாள் மாலை மூன்று முறையாவது ஒத்திகை பார்ப்பார். மறுநாள் முடிச்சு அவிழாமல் போனால் அந்த ஆண்டு முழுக்க ஊர் அதைப் பேசும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் வகுப்பில் நாற்பது பேர். கொடியைச் சுற்றி நிற்கும்போது காலில் செருப்பு இருந்தவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஊரைச் சுற்றிலும் தோல். காற்றில் தோல் நாற்றம். அப்பாவின் உள்ளங்கை ஆவாரம்பட்டைச் சாயத்தில் எப்போதும் பழுப்பாகவே இருக்கும். இங்கே பாதி பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் போய், லண்டன் போய், அங்கே முழுமை பெற்று, யார் யார் காலிலோ பூட்ஸாக நடந்தது. அதைப் பதனிட்டவர்களின் பிள்ளைகள் வெறுங்காலில் நின்று கொடிக்கு வணக்கம் செலுத்தினோம். அப்போது அது எங்களுக்கு வித்தியாசமாகப் படவில்லை. இப்போது அந்த வரிசையை நினைத்தால் கண்ணுக்கு முதலில் தெரிவது கால்கள்தான்.

இன்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி கிடைக்கிறது. போன ஆண்டு என் பழைய பள்ளியின் கொடியேற்றத்துக்குப் போயிருந்தேன். வெறுங்காலில் ஒரு பிள்ளைகூட இல்லை. மூங்கில் போய் இரும்புக் குழாய் வந்திருந்தது. காகிதத் தோரணத்துக்குப் பதில் கடையில் வாங்கிய பளபளக்கும் தோரணம். மிட்டாய்க்குப் பதில் பெட்டியில் அடைத்த இனிப்பும் காரமும். ஒரு மாணவி ஒலிபெருக்கியில் பிழையில்லாமல் பேசினாள். வேலூர்க் கோட்டையில் 1806-இல் நடந்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றித்தான் பேசினாள். என் காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் விடுதலைப் போரை 1857-இல்தான் தொடங்குவார்கள். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த கோட்டையில் அதற்கு ஐம்பத்தோர் ஆண்டு முன்பே நடந்ததை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் முழுதாக அறிந்தேன். இந்த மாற்றத்தை நான் பெரிய லாபமாகவே எண்ணுகிறேன்.

ஏனென்றால் இந்த மண்ணுக்கு விடுதலை நாள் ஒன்றல்ல, இரண்டு. ஐரோப்பாவில் பல்கேரியா என்ற சிறு நாடு இப்படித்தான் இரண்டு நாள்களைக் கொண்டாடுகிறது. 1878 மார்ச் 3-ஆம் தேதி உடன்படிக்கையால் துருக்கியப் பேரரசின் நேரடி ஆட்சி நீங்கிய நாள் ஒன்று. 1908 செப்டம்பர் 22-ஆம் தேதி வெலிகோ தர்னோவோ என்ற பழைய தலைநகரில் முழு விடுதலை அறிவித்த நாள் மற்றொன்று. இரண்டாவது நாள் அரசு விடுமுறையாக ஏற்கப்பட்டது 1998-இல்தான். தொண்ணூறு ஆண்டு கழித்து. ஒரு நாட்டின் நினைவு தன் நாள்களைத் தேடி எடுக்க அவ்வளவு காலம் பிடிக்கிறது. வேலூருக்கு ஆகஸ்ட் 15-க்கு முன்னால் ஜூலை 10 இருக்கிறது. அதைத் தேடி எடுக்க எங்களுக்கு அதைவிட நெடுங்காலம் ஆயிற்று.

1806-இல் நடந்ததன் வேர் ஒரு தலைப்பாகை. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் சிப்பாய்களின் தோற்றத்தைச் சீர்செய்யப் புறப்பட்டார். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். இவற்றோடு தொப்பி போலத் தோன்றும் ஒரு புதிய தலைப்பாகை. அதன் முகப்பில் தோலால் ஆன ஒரு குஞ்சம். எந்த விலங்கின் தோல் என்ற கேள்வி இந்துவுக்கும் இருந்தது, முஸ்லிமுக்கும் இருந்தது. தொப்பி அணிந்தால் அடுத்து மதமாற்றம்தான் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு மே மாதம் வேலூரில் அதை அணிய மறுத்தவர்கள் 21 பேர். அவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் ஆளுக்கு 900 கசையடி. மற்ற 19 பேருக்கு 500 கசையடி என்று தீர்ப்பாகி, மன்னிப்புக் கேட்ட பிறகு விட்டார்கள்.

தோல் ஊரில் பிறந்தவன் என்பதால் அந்தக் குஞ்சத்தில் என் மனம் எப்போதும் சற்று அதிகமாகவே தங்கும். தோலைத் தொட்டால் தீட்டு என்று எண்ணிய உலகம் அது. அந்தத் தீட்டைத் தலையில் ஏற்ற மறுத்தவர்களின் கோபம் உண்மையானது. அதே நேரம், தோலைத் தொட்டே பிழைத்தவர்களின் சேரிகள் அதே பாலாற்றங்கரையில் இருந்தன. அவர்களிடம் அந்தக் குஞ்சத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 1806-ஐ மனமாரப் போற்றுகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கோட்டைக்குள் அப்போது திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருந்தார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அவர்களை இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஜூலை 9-ஆம் தேதி திப்புவின் மகள் ஒருவரின் திருமணம். மறுநாள் விடியுமுன் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைக் காவலர் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். 69-ஆம் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஹைதரை அரசர் என்று அறிவித்து, மைசூரின் புலிக்கொடியை ஏற்றினார்கள். இந்தப் பகுதியில் வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக ஏறிய அந்தக் கொடி ஒரு முழுப் பகல்கூடப் பறக்கவில்லை. கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். அங்கிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடும் பீரங்கிகளோடும் வந்தார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. சரணடைந்தவர்கள் உட்பட நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு நடந்த விசாரணையின் முடிவில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். வேறு பலரைத் தூக்கிலிட்டார்கள், நாடு கடத்தினார்கள். கிளர்ந்த படைப்பிரிவுகளின் பெயர்களையே படைப்பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆனால் புதிய தலைப்பாகை ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். தளபதி கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் பதவியிழந்து ஊர் திரும்பினார்கள். கோட்டையை இழந்த சிப்பாய்கள் குஞ்சத்தை வென்றார்கள் என்று சொல்லலாம்.

ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு அன்று குதிரைகள் பாய்ந்து வந்த இருபத்தைந்து கிலோமீட்டரை இன்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்தில் கடக்கிறோம். தோல் ஏற்றிய வண்டிகளும் ஷூ கம்பெனிப் பேருந்துகளும் அந்த வழியேதான் போகின்றன.

நினைவு எப்படிப் பிரிந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மாண்ட ஆங்கிலேயர்களுக்குக் கோட்டைக்கு எதிரே கல்லறை எழுந்தது, கல்வெட்டு எழுந்தது. கில்லஸ்பியின் பெயரில் ஹென்றி நியூபோல்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் கவிதையே எழுதினார். மாண்ட சிப்பாய்களுக்கு ஒரு கல்கூட இல்லாமல் பல தலைமுறை கழிந்தது. இன்று வேலூர் மக்கான் சந்திப்பில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஜூலை 10 தோறும் மாவட்ட ஆட்சியர் அங்கே மலர்வளையம் வைக்கிறார். இருநூறு ஆண்டு நிறைவில், 2006-இல், இந்திய அஞ்சல் துறை ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வேலூர்ப் புரட்சி தனிப் பகுதியாக வந்துவிட்டது. அன்று ‘கலகம்’ என்று எழுதினார்கள். இன்று ‘புரட்சி’ என்று எழுதுகிறோம்.

கோட்டையே மாறித்தான் இருக்கிறது. என் சிறு வயதில் ஜலகண்டேஸ்வரர் கோயில் கருவறையில் இறைவன் இல்லை. சிற்பங்களைப் பார்க்கவே போவோம். 1981 மார்ச்சில் லிங்கம் மீண்டும் கோயிலுக்குள் வந்தது. இப்போது பிரதோஷத்துக்கு உள்ளே நடக்க இடமில்லை. இலங்கையில் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இந்தக் கோட்டைக்குக் கைதியாக வந்து 1832-இல் இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்துமண்டபம் இருக்கிறது. தோற்ற அரசுகளின் வாரிசுகளை அடைத்துவைத்த இடம் இது. இன்று மாலையில் குடும்பங்கள் அகழிக்கரைப் புல்லில் உட்கார்ந்து கடலை தின்கின்றன.

சிறை என்றால் வேலூர் என்ற பெயர் பிறகும் நீங்கவில்லை. ராஜாஜி 1921-ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறைக்கு வந்து மூன்று மாதம் இருந்தார். அங்கே எழுதிய நாட்குறிப்பு நூலாகவும் வந்தது. காமராசர் 1940-இல் இங்கே அடைபட்டார். வேலூர்ச் சிறையில் இருந்தபடியே 1941-இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்கள் சிறையில் துர்காபாய் இருந்தார், அம்புஜம்மாள் இருந்தார், கடலூர் அஞ்சலையம்மாள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். அன்று வேலூருக்கு வந்த தலைவர்களில் பலர் இரயிலில் கைதிகளாகவே வந்தார்கள். இன்று காட்பாடியில் இறங்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறவர்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மருந்துச் சீட்டோடு வருகிறவர்கள்.

கொடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட மூவண்ணக் கொடி, கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. விடுதலை நாளன்று சென்னைக் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடி ஒன்றை அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். தோலுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே இருக்கும் எங்கள் குடியாத்தம் கைலிக்குப் பெயர் போனது. கொடிக்கும் பெயர் போனது. டெல்லிச் செங்கோட்டையில் ஏறிய கொடியே எங்கள் ஊரில் ஆனது என்று குடியாத்தத்துக்காரர்கள் சொல்லும்போது அவர்கள் குரல் நிமிரும்.

அன்று சாதாரண மனிதன் தன் வீட்டில் நினைத்த நாளில் தேசியக் கொடியை ஏற்ற முடியாது. குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே அனுமதி. 2002 ஜனவரி 26-இல் நடப்புக்கு வந்த கொடி விதிகள் அந்தத் தடையை நீக்கின. 2021 டிசம்பரில் விதி மீண்டும் திருத்தப்பட்டு, பாலியெஸ்டர் துணியும் இயந்திரத் தயாரிப்பும் அனுமதி பெற்றன. 2022 ஜூலையில் இரவிலும் பறக்கலாம் என்று ஆயிற்று. அந்த ஆகஸ்டில், விடுதலையின் 75-ஆம் ஆண்டுக்காக, அஞ்சலகங்களில் 25 ரூபாய்க்குக் கொடி கிடைத்தது. ஆம்பூரில் மாடி வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் ஒரே அளவுக் கொடி பறந்ததை அன்றுதான் பார்த்தேன். ஊருக்கு ஒன்று என்று இருந்தது வீட்டுக்கு ஒன்று ஆயிற்று. அது பெரிய காரியம். செப்டம்பரில் அவற்றில் பல வெளிறி, கிழிந்து, இறக்குவாரில்லாமல் கம்பியிலேயே தொங்கியதையும் பார்த்தேன். பீரோவிலிருந்து ஆண்டுக்கு இருமுறை வெளியே வந்த அந்த ஒற்றைக் கதர்க் கொடியை மாலை ஆறு மணிக்குள் இறக்கி, தரையில் படாமல் நான்கு பேர் பிடித்து மடிப்போம். கதர் நூற்ற கைகளுக்கு ஒரு காலத்தில் கொடியே ஒரு வேலையாக இருந்தது என்பதையும் நினைக்கிறேன்.

யார் ஏற்றுகிறார் என்பதும் மாறியது. 1973 வரை ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் கொடியேற்றியவர் ஆளுநர். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் ஏற்ற வேண்டும் என்று கருணாநிதி ஒன்றிய அரசிடம் கேட்டுப் பெற்றார். 1974 முதல் எல்லா மாநிலங்களிலும் அதுவே வழக்கமாயிற்று. அதே கோட்டையில் 2019 ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் பழனிசாமி ஆற்றிய விடுதலை நாள் உரையில்தான் எங்கள் மாவட்டம் மூன்றாகும் என்ற அறிவிப்பு வந்தது. வடாற்காடு என்று அறிந்திருந்த மாவட்டம் 1989-இல் ஒருமுறை பிரிந்திருந்தது. 2019 நவம்பரில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மீண்டும் பிரிந்தது. அன்று வேலூர் நேதாஜி விளையாட்டு அரங்கில் ஓர் ஆட்சியர் ஏற்றிய கொடியை இன்று மூன்று ஆட்சியர்கள் மூன்று ஊர்களில் ஏற்றுகிறார்கள். ஆம்பூர்க்காரர் மனுவோடு வேலூர் வரை போக வேண்டியதில்லை. தோல் பட்டையின் ஊர்கள் மூன்று மாவட்டங்களாகச் சிதறின. ஆனால் ஆறு ஒன்றுதான், அதன் துயரமும் ஒன்றுதான்.

ஆற்றுக்கு வருமுன் தொழிற்சாலைகளைப் பற்றி. டேனரியில் கூலிக்கு நின்றவனுக்கு விடுமுறை என்றால் அன்று கூலி இல்லை என்றுதான் பொருள். 1958-இல் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் அதை மாற்றியது. விடுதலை நாளும் குடியரசு நாளும் கூலியோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுமுறை. சட்டம் ஏட்டிலிருந்து எல்லாக் குழிகளுக்கும் வந்து சேர நாளாயிற்று. அப்பாவுக்குச் சம்பளத்தோடு கிடைத்த முதல் ஆகஸ்ட் 15 பற்றி அம்மா அடிக்கடி சொல்வார்: அன்று வீட்டில் இறைச்சி வாங்கினார்கள்.

அப்பா பார்த்த தொழில் இப்போது இல்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறிய தோல், இன்று குரோம் உப்பு போட்ட ட்ரம்மில் ஒன்றிரண்டு நாளில் பதமாகிறது. விடுதலைக்கு அடுத்த ஆண்டே, 1948-இல், சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1973-இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குக் கட்டுப்பாடு வந்தது. முழுமையாக்கிய தோலாக, பிறகு ஷூவாகவே அனுப்பு என்றது அரசு. விடுதலையின் பொருளை எங்கள் ஊர் கண்கூடாக உணர்ந்த முடிவு அது என்று நான் நினைக்கிறேன். லண்டனில் நடந்த வேலை ஆம்பூருக்கு வந்தது. அன்று குழியில் இறங்கியவர்கள் ஆண்கள். இன்று ஷூ கம்பெனி வரிசைகளில் உட்கார்ந்து தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடியுமுன் சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வருகிறார்கள். கம்பெனி வாசலில் கொடியேற்றும்போது முதல் வரிசையில் நிற்பவர்களும் அவர்களே. அந்தச் சம்பளத்தில் படித்த பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தக் குனிந்த முதுகின் வலியும் எனக்குத் தெரியும்.

கிராமங்களில் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடுகிறது. என் சிறு வயதில் கிராமத்துக் கொடியை ஏற்றியவர் மணியக்காரர், இல்லாவிட்டால் பெரிய நிலக்காரர். இன்று ஊராட்சித் தலைவர் ஏற்றுகிறார். தலைவர்களில் பாதிப்பேர் பெண்கள். மாவட்டப் பிரிப்பால் தள்ளிப்போன உள்ளாட்சித் தேர்தல் இந்த மூன்று மாவட்டங்களிலும் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அதற்கு அடுத்த ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலர் எல்லா ஆட்சியர்களுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதற்கு எந்தச் சாதிப் பாகுபாடும் தடையாக இருக்கக் கூடாது, வேண்டிய இடங்களில் பாதுகாப்புத் தர வேண்டும் என்று. விடுதலைக்கு 75 ஆண்டு கழித்து அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது வெட்கம். எழுதப்பட்டது என்பது ஆறுதல்.

இனி ஆறு. என் பள்ளிக் காலத்தில் கொடியேற்றம் முடிந்ததும் ஊர்வலம் பாலாற்று மணலில்தான் கலையும். கையால் மணலைப் பறித்தால் முழங்கை ஆழத்தில் ஊற்று. அந்த நீரைக் குடித்துவிட்டு வீடு திரும்புவோம். இன்று அந்த இடத்தில் பிள்ளைகளை நான் இறங்கவிடமாட்டேன். டேனரிக் கழிவு கிணறுகளைக் கெடுத்தது; நெல்லையும் தென்னையையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடிக்கல்லாயிற்று. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும், தீங்கு வருமுன்னே தடுக்க வேண்டும் என்ற இரு நெறிகளும் நாட்டின் சட்டத்தில் உறுதிப்பட்டது எங்கள் ஆற்றின் பெயரால். அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆனாலும் 2025 ஜனவரியில் பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. காலில் ஷூ வந்தது, காலடியில் ஊற்று போனது. இந்தக் கணக்கை எப்படி நேர் செய்வது என்று யோசித்துக்கொண்டேதான் ஒவ்வோர் ஆகஸ்டும் கொடியைப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 15 இப்போது எல்லோர் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஜூலை 10 இன்னும் மக்கான் சந்திப்பைத் தாண்டவில்லை. அன்று காலை அதிகாரிகள் வருகிறார்கள், தேசிய மாணவர் படைப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், மலர்வளையம் வைக்கிறார்கள். சிறிது நேரத்தில் தூணைச் சுற்றி ஆட்டோக்களும் பேருந்துகளும் வழக்கம்போல் ஓடத் தொடங்கிவிடுகின்றன.

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆற்காட்டுப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வரும் ஜூலை 10 அன்று ஒரு வகுப்புப் பிள்ளைகளையாவது வேலூருக்கு அழைத்து வாருங்கள். கோட்டைக்கு எதிரே உள்ள ஆங்கிலேயர் கல்லறையையும் காட்டுங்கள், மக்கான் தூணையும் காட்டுங்கள். தூணின் முன் நின்று, அன்று கிளர்ந்த சிப்பாய்களை முன்னின்று நடத்திய ஷேக் ஆதம், ஷேக் ஹமீது, ஷேக் உசேன், ஷேக் காசிம் என்ற பெயர்களை அவர்கள் வாயால் ஒருமுறை உரக்கச் சொல்லச் செய்யுங்கள்.